லிக்கர் அம்மோனியா: வேலையில் புழங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை, வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கிச் சேர்க்கும் இடம். மூன்றுக்கும் தொழில் வேறு. ஆனால் ஸ்டோர் ரூம் மூலையில் கண்ணைக் கரிக்க வைக்கும் அந்தக் கேன் மட்டும் ஒன்றுதான். கெமிக்கல் ஸ்டோர் பொறுப்பில் பல வருடம் இருந்தவன் நான். அப்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், யாரும் கேட்காமல் விட்டு வினையாகிப் போன சிலவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

லிக்கர் அம்மோனியா என்றால் என்ன?

அம்மோனியா வாயுவைத் தண்ணீரில் கரைத்தது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் எடைக்கு 25% உள்ளது. அதாவது நூறு கிலோ கரைசலில் 25 கிலோ அம்மோனியா, மீதி தண்ணீர். பள்ளிப் புத்தகத்தில் இதை அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்று படித்திருப்போம். அந்தப் பெயரைக் கேட்டால் அம்மோனியாவும் தண்ணீரும் சேர்ந்து வேறொரு பொருளாக மாறிவிட்டது போலத் தோன்றும். அப்படி மாறுவது மிக மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் அம்மோனியாவாகவே தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறது. மூடியைத் திறந்தால் எழுந்து வெளியே வருகிறது. கீழே சொல்லப்போகும் அத்தனைக்கும் இதுதான் காரணம்.

ஐஸ் பேக்டரியில் இருக்கும் அம்மோனியாவும் இதுவும் ஒன்றா?

பொருள் ஒன்று, நிலை வேறு. ஐஸ் பேக்டரியிலும் மீன் பதப்படுத்தும் கம்பெனிகளிலும் குளிரூட்டப் பயன்படுவது தண்ணீர் கலக்காத அம்மோனியா. மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள் அது. அழுத்தத்திலோ கடுங்குளிரிலோ வைத்தால்தான் திரவமாக இருக்கும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து கசிந்ததும், ஊர் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அந்த அம்மோனியாவால்தான். லிக்கர் அம்மோனியா ஊரையே காலி செய்ய வைக்கும் அளவுக்குப் போவது அரிது. அது பிடிப்பது பக்கத்தில் நிற்கிற ஆளை.

சரக்கு ஆவணத்தைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. கொடுத்திருக்கும் எண் அதில் இருக்கும். தண்ணீர் கலக்காததற்கு யுஎன் 1005. 10 சதவீதத்துக்கு மேல் 35 சதவீதம் வரை உள்ள கரைசலுக்கு யுஎன் 2672. முன்னது நச்சு வாயு, பின்னது அரிக்கும் பொருள் என்ற வகுப்பில் வரும்.

தண்ணீர் கலந்ததுதானே, அவ்வளவு பயப்பட வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஸ்டோர் கீப்பர் இல்லை. ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: 38. 25% கரைசல் சுமார் 38 டிகிரி செல்சியஸில் கொதிக்க ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசியில் ஈரோட்டிலும் வேலூரிலும் நிழலிலேயே அந்த வெப்பம் வந்துவிடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குளிர் நாட்டில் எழுதிய கையேட்டில் "குளிர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். நம் ஊரில் அந்த ஒரு வரிதான் எல்லாமே. மே மாத மத்தியானம் வெயிலில் கிடந்த கேனை மூடிய பிரஷர் குக்கராகத்தான் நினைக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. ஒரு லிட்டர் கரைசல் சுமார் 910 கிராம் எடை இருக்கும். அதில் கால் பங்கு, ஏறக்குறைய 227 கிராம், அம்மோனியா. அத்தனையும் ஆவியானால் நம் ஊர் வெப்பத்தில் சுமார் 330 லிட்டர் வாயு. இருபது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரமுள்ள ஒரு ஷெட்டில் இருக்கும் காற்று பத்து லட்சம் லிட்டர். அதில் இந்த வாயு சமமாகப் பரவினால் 330 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 330 பங்கு. 300 பிபிஎம் அளவையே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் குறித்து வைத்திருக்கிறது. கொட்டியது முழுவதும் ஒரேயடியாக ஆவியாகாது என்பது உண்மைதான். ஆனால் நம்மிடம் இருப்பது ஒரு லிட்டர் பாட்டில் கிடையாது, 35 லிட்டர் கேன்.

வெயில் காலத்தில் கேனை எப்படித் திறப்பது?

மத்தியானத்தில் திறக்காதீர்கள். இதுதான் முதல் விதி. அன்றைய தேவையை விடியற்காலையிலேயே எடுத்து வைத்துவிடலாம். முந்தின நாள் இரவே கேன்களை நிழலுக்குக் கொண்டுவந்து, மேலே ஈரச் சாக்கு போர்த்திவிட்டால் காலைக்குள் நன்றாக ஆறியிருக்கும்.

திறக்கும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். முகம் மூடிக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. கையை நீட்டி, தலையைப் பக்கவாட்டில் வைத்து, மூடியைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். உஸ்ஸென்று சத்தம் வரும். அது அடங்கும்வரை கையை எடுத்துவிட்டு நில்லுங்கள். அப்புறம் இன்னொரு கால் சுற்று. சத்தம் முழுதும் நின்ற பிறகுதான் மூடியைக் கழற்ற வேண்டும். மூடி இறுகிப்போயிருந்தால் சுத்தியலால் தட்டுவது, சுடுதண்ணீர் ஊற்றுவது இரண்டும் கூடவே கூடாது.

வேறொரு கெமிக்கல் கேனை வாயால் உறிஞ்சி ஹோஸில் இறக்கிய பழக்கத்தில் இதையும் உறிஞ்சப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கையால் அழுத்தும் பிளாஸ்டிக் பம்ப் ஒன்று வாங்குங்கள். பெரிய செலவு இல்லை.

நாற்றம் வைத்தே தெரிந்துவிடுமே, மீட்டர் எதற்கு?

பாதி உண்மை. சுமார் 5 பிபிஎம் இருந்தாலே பெரும்பாலானோருக்கு வாசனை தெரிந்துவிடும். அந்த வகையில் இது முன்கூட்டியே எச்சரிக்கும் நல்ல குணமுள்ள வாயு. ஆனால் அரை மணி நேரம் அதிலேயே நின்றால் மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வருகிறவர் முகத்தைச் சுளித்து "என்ன இப்படி அடிக்குது?" என்பார். உள்ளே இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. அந்த வெளியாள் சொல்வதை நம்புங்கள்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த நம் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி எட்டு மணி நேர வேலையில் சராசரி 25 பிபிஎம் தாண்டக் கூடாது என்று இருந்தது. கால் மணி நேரத்துக்கு மட்டும் என்றால் 35 பிபிஎம். இந்த 25க்கும் 40க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மூக்கும் சொல்லாது. மாதம் பத்துக் கேன் புழங்கும் இடத்தில்கூட கையடக்க மீட்டர் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்டோரில் எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது?

பிளீச்சிங் பவுடர், ஹைப்போ (துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) இரண்டும் முதல் எதிரி. அம்மோனியாவும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். பிரச்சினை என்னவென்றால் சாயப் பட்டறைகளில் ஹைப்போவும் அம்மோனியாவும் ஒரே மாதிரி நீலக் கேனில் வந்து இறங்குகின்றன. லேபிள் உரிந்துவிட்டால் எது எதுவென்று தெரியாது. கேன் வந்து இறங்கிய அன்றே பெயின்ட்டால் பெரிய எழுத்தில், தமிழிலும் அங்கே வேலை செய்யும் வடமாநிலத் தோழர்களுக்கு இந்தியிலும், பெயர் எழுதிவிடுங்கள்.

அமிலக் கேன்களும் தனி அறையில் இருக்கட்டும். கலந்தால் சூடேறித் தெறிக்கும்.

அறையைப் பற்றி ஒன்று. அம்மோனியா காற்றைவிட லேசானது. ஆவி மேலே ஏறும். எக்ஸாஸ்ட் ஃபேன் கூரையை ஒட்டி இருக்க வேண்டும், புதுக் காற்று கீழிருந்து நுழைய வேண்டும். பல இடங்களில் ஃபேனை இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டு ஏன் நாற்றம் போகவில்லை என்று கேட்கிறார்கள்.

பித்தளை வால்வு போடலாமா?

கூடாது. தாமிரம், பித்தளை, துத்தநாகம், அதனால் கால்வனைஸ் செய்த குழாய், எல்லாவற்றையும் அம்மோனியா தின்றுவிடும். எவர்சில்வர், சாதாரண இரும்பு, எச்டிபிஇ பிளாஸ்டிக் சரி. கரைசல் லேசாக நீல நிறத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம், வழியில் எங்கோ ஒரு பித்தளைச் சாமான் கரைந்துகொண்டிருக்கிறது.

பித்தளை அரிப்பதோடு நிற்காது, சொல்லாமல் கொள்ளாமல் விரிசலும் விடும். இதற்கு இந்தியாவிலேயே ஒரு பழைய கதை உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. அவற்றின் பித்தளை உறைகள் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கம் கிடைத்தது. லாயத்துக் காற்றில் இருந்த அம்மோனியாவுக்கே அந்தக் கதி. 25% கரைசல் ஓடும் குழாயில் பித்தளை வால்வு எத்தனை நாள் தாங்கும்?

10% கரைசல் வேண்டும். எப்படிக் கலப்பது?

எடை போட்டுக் கலக்குங்கள், லிட்டர் கணக்கு வேண்டாம். 10 கிலோ 25% கரைசலில் இரண்டரை கிலோ அம்மோனியா இருக்கிறது. அது 10% ஆக வேண்டுமானால் மொத்தம் 25 கிலோ வர வேண்டும். ஆகவே 15 கிலோ தண்ணீர். முதலில் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டு, அம்மோனியாவைக் குழாய் வழியாகத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மெதுவாக விடுங்கள். மேலிருந்து கொட்டினால் பாதி உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

முடிந்தால் 10% கரைசலாகவே வாங்கிவிடுவது இன்னும் நல்லது. வண்டி வாடகை கூடும் என்று முதலாளிகள் தயங்குவார்கள். இருந்தாலும் திறக்கும்போது பாயும் ஆவி எவ்வளவோ குறையும்.

என்ன கையுறை, என்ன மாஸ்க்?

கொரோனா காலத்து என்95 மாஸ்க் இதற்கு ஒன்றும் செய்யாது. அது தூசியைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். கே வகை வடிகட்டி வைத்த, முகம் முழுக்க மூடும் மாஸ்க் வேண்டும். அந்த வடிகட்டியில் பச்சை நிறப் பட்டை இருக்கும். உறையைப் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதுங்கள், என்றோ பிரித்ததை நம்பாதீர்கள். பெரிய கசிவு என்றால் வடிகட்டி மாஸ்க்கும் போதாது. முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிய தீயணைப்பு வீரர்கள்தான் உள்ளே போக வேண்டும்.

கைக்கு நைட்ரைல், நியோப்ரீன் அல்லது பியூட்டைல் கையுறை. கண்ணுக்குப் பக்கவாட்டில் இடைவெளி இல்லாத காகிள்ஸ், அதற்கு மேல் முகக் கவசம். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது.

கண்ணில் தெறித்துவிட்டால்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மே மாத மத்தியானம், இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன் கேனைத் திறந்தான். மூடியோடு சேர்ந்து முகத்தில் அடித்தது. சுற்றி இருந்தவர்கள் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி, ஊதிவிட்டு, ஆட்டோவில் ஏற்றினார்கள். எல்லோரும் பதறித்தான் செய்தார்கள், அன்போடுதான் செய்தார்கள். ஆனால் ஒரு சொம்பு தண்ணீர் போதவில்லை. ஒரு கண்ணில் பார்வை மங்கலாகவே நின்றுவிட்டது.

அமிலம் பட்டால் மேல்தோல் வெந்து கெட்டியாகி, ஓரளவு தடுப்புச்சுவர் போலாகிவிடும். அம்மோனியா காரம். அது கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே போகும். நாம் முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் 20 நிமிடம், விடாமல் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். வலியில் இமை தானாக மூடிக்கொள்ளும். ஒருவர் இமையை விரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுக்க வேண்டும். அப்புறம்தான் கண் மருத்துவமனை. போகும் வழியிலும் பாட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகலாம். எலுமிச்சை, வினிகர் போட்டு "முறிக்க" முயலாதீர்கள். புண்ணின்மேல் இன்னொரு புண் ஆகும்.

கண் கழுவும் குழாய், அம்மோனியா புழங்கும் இடத்திலிருந்து பத்து வினாடிக்குள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண் தெரியாமல் தடவிக்கொண்டு வருகிற ஆளுக்கு எட்டும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சாமான் எதுவும் கிடக்கக் கூடாது.

நம் ஊருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இதில் உண்டு. மொட்டை மாடி டேங்கிலிருந்து வெயில் பட்ட குழாய் வழியாக வரும் தண்ணீர் மே மாதம் மத்தியானம் கையைச் சுடும். அந்தத் தண்ணீரில் 15 நிமிடம் யார் கண்ணைக் காட்டுவார்? டேங்குக்கு நிழல் போடுங்கள். அடுத்த வெயில் நாளில் நீங்களே அந்தக் குழாயைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள்.

மூச்சில் ஏறிவிட்டால், உடம்பில் பட்டால், குடித்துவிட்டால்?

மூச்சில் என்றால் உடனே வெளிக்காற்றுக்கு. படுக்க வைக்காமல் உட்கார்ந்த நிலையில் வைத்து 108க்குச் சொல்லுங்கள். "இப்போ பரவாயில்லண்ணே" என்று அவர் சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். மருத்துவர் பார்வையில் ஒரு நாளாவது இருக்க வேண்டும்.

உடம்பில் பட்டால் நனைந்த துணியை உடனே கழற்ற வேண்டும். வெட்கத்துக்கு இங்கே இடமில்லை. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஷவருக்கு மறைப்பு கட்டி வையுங்கள், தயக்கமில்லாமல் ஓடி வருவார்கள். குடித்துவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லலாம், வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போனது சுட்ட வழியிலேயே திரும்பி வந்து மறுபடி சுடும்.

தரையில் கொட்டிவிட்டால்?

ஆட்களை வெளியேற்றுங்கள், காற்று வரும் திசைக்கு. மாஸ்க்கும் கவசமும் போட்டவர் மட்டும் மணலைக் கொட்டி அணை கட்டட்டும். ஆவியை அடக்கத் தண்ணீரைச் சாரலாகத் தெளிக்கலாம், அம்மோனியாவுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பிடிக்கும். தப்பித்து ஓடுகிறவர்கள் மூக்கில் ஈரத்துணியைப் பொத்திக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

ஆனால் அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. ஆறு குளங்களில் விடும் கழிவுநீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. ஒரு 35 லிட்டர் கேன் கொட்டி, அதை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 1,30,000 லிட்டர் தண்ணீர் தேவை. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் பதினோரு லாரி. அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் கொட்டியதைத் தேக்கி, சுத்திகரிப்புத் தொட்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். குளத்துக்குப் போனால் மீன்கள் செத்து மிதக்கும்.

கையை மீறிவிட்டது என்று தோன்றினால் 101 அல்லது 112. கூப்பிடும்போதே "லிக்கர் அம்மோனியா, இத்தனை லிட்டர்" என்று சொல்லுங்கள்.

எந்த ஜாயின்ட்டில் கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டினால் கசியும் இடத்தில் நீலமாகும். இன்னொரு வழி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகத் தோய்த்த குச்சியைக் கிட்டே கொண்டுபோவது. கசிவு இருந்தால் குபுகுபுவென்று வெள்ளைப் புகை வரும்.

அந்தப் புகையை நாற்பது வயது தாண்டியவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். தெருவில் ஈயம் பூசுகிறவர் காய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தேய்ப்பாரே, அப்போது எழும் புகை இதேதான். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அம்மோனியாவாகவும் அமில ஆவியாகவும் பிரிந்து, காற்றில் மறுபடி சேர்ந்து வெள்ளையாகத் தெரியும்.

தீப்பிடிக்குமா?

காற்றில் 15 முதல் 28 சதவீதம் வரை ஆவி இருந்தால்தான் பற்றும். திறந்தவெளியில் அந்த அளவு வராது. காலியான டேங்கில் வெல்டிங் வைக்கும்போதுதான் ஆபத்து. கழுவி, மீட்டர் வைத்துப் பார்க்காமல் அதில் நெருப்பு காட்டக் கூடாது.

ரப்பர் பாலில் ஏன் ஊற்றுகிறார்கள்?

மரத்திலிருந்து சிரட்டையில் வடிந்த பாலில் கிருமிகள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். அவை உண்டாக்கும் அமிலத்தால் சில மணி நேரத்தில் பால் திரிந்து கட்டியாகும். அம்மோனியா கிருமியையும் தடுக்கும், அமிலத்தையும் முறிக்கும். கையுறை போன்றவை செய்யப்போகும் அடர் பாலில், உயர் அம்மோனியா வகை என்றால் குறைந்தது 0.6% இருக்க வேண்டும். ஷீட் அடிக்கிறவர்கள் கை தாராளமாக ஊற்றக் கூடாது, பிறகு உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் அந்த அளவுக்குக் கூடுதலாகச் செலவாகும். தோட்டத்தில் இதைச் சின்ன பாட்டிலில் பிரித்து வைப்பார்கள். குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் ஒருவர் எடுத்து வாயில் வைக்க ஒரு நொடி போதும்.

குட்டியானையில் ஏற்றி வரலாமா?

ஆட்களோடு, அரிசி மூட்டையோடு, ஆசிட் கேனோடு வேண்டாம். கேன்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும், உருளாமல் கட்ட வேண்டும், மேலே வெயில் படாமல் தார்ப்பாய் வேண்டும். ஓட்டுநரிடம் சரக்கின் பெயரும் யுஎன் 2672 என்ற எண்ணும் எழுதிய ஆபத்துக் குறிப்பு அட்டை இருக்க வேண்டும். வழியில் விபத்து நடந்தால் ஓடி வருகிறவர்களுக்கு அந்த அட்டை ஒன்றுதான் வழிகாட்டி. கிளம்புவதை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலிக் கேனை என்ன செய்வது?

காலி என்று நாம்தான் சொல்கிறோம், உள்ளே ஆவி நிறைந்திருக்கும். மூன்று முறை தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைச் சுத்திகரிப்புத் தொட்டியில் விடுங்கள். சப்ளையரே திரும்ப எடுத்துக்கொண்டால் அதுவே நல்லது. காயலான் கடைக்குப் போடுவதாக இருந்தால் அடிப்பக்கத்தை வெட்டிவிட்டுப் போடுங்கள். வெட்டாத கேனைக் கடைக்காரர் ஐம்பது, நூறு ரூபாய் சேர்த்து விற்பார். தண்ணீர் லாரி வரும் தெருவில் யாரோ ஓர் அம்மா அதை வாங்கி, வாயைக் கழுவி, குடிதண்ணீர் பிடித்து வைப்பார்.